எட்டாவது மனுவை எழுதுவதற்கு முன்

கிராமங்களில் மக்கள் ஒன்றுகூடித் தங்கள் உரிமைகளைக் கேட்டுப் பெறுவது பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். தாமிரபரணியின் இரு கரைகளிலிருந்தும், மலையடிவாரத்திலிருந்தும், வடக்கே கரிசல் பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களில் ஆறினை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களில் பலர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், எல்லோருக்கும் ஊர்ப்பக்கத்தை மட்டுமே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: எங்கள் ஆதிதிராவிடர் தெருவில் அறுபது வீடுகள். இறந்தவர்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வயல் வரப்பைத் தவிர வேறு வழியில்லை. பிசான நடவு முடிந்திருக்கும் மாதங்களில் பாடை சுமப்பவர்கள் முழங்கால் சேற்றில் இறங்கி நடக்கிறார்கள். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் இதுவரை ஏழு மனுக்கள் கொடுத்துவிட்டேன். கூலி வேலைக்குப் போகிறவர்களை அலைக்கழிக்க மனம் வராததால் ஏழிலும் நான் மட்டுமே கையெழுத்திட்டேன். எட்டாவது மனுவை எப்படி எழுதினால் நடவடிக்கை வரும்?
— வாசகர், சேரன்மகாதேவி பக்கம்

பதில்: ஐயா, எட்டாவது மனுவை இப்போது எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அறுபது வீடுகளின் வழி, உங்கள் நல்ல மனதினாலேயே, காகிதத்தில் ஒரே ஒருவருடைய குறையாகச் சுருங்கிவிட்டது. ஒருவருடைய குறையென்றால் அந்த ஒருவருக்கு, ‘தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று பதில் எழுதியதும் அலுவலகத்தின் கணக்கில் அது முடிந்துவிடுகிறது.

இதை எழுதும்போது 2017 அக்டோபர் 23 நினைவுக்கு வருகிறது. அதுவும் ஒரு திங்கள்கிழமை. கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனுக் கொடுத்திருந்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீயில் கருகிப் போனார். அதீத வட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003-லேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது. சட்டமும் இருந்தது, மனுவும் இருந்தது. ஆனால் ஒரு குடும்பம் தனியே சுமக்கக்கூடிய பாரமா அது என்ற கேள்வி அன்று முதல் என்னை விட்டுப் போகவில்லை.

ஆகவே முதலில் ஒரு நாள் சாயங்காலம், எல்லோரும் வேலை முடிந்து வந்தபின், தெருவிலேயே உட்காருங்கள். கடந்த பத்து ஆண்டுகளில் உங்கள் தெருவில் இறந்தவர்கள் யார், எந்த மாதத்தில், யாருடைய வயல் வழியாகக் கொண்டுபோனீர்கள், வழியில் யார் தடுத்தார்கள் என்பதைப் பெரியவர்களும் பெண்களும் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதட்டும். இது வெறும் துக்கக் கணக்கு அல்ல. அந்த நோட்டு நிரம்பும்போது வழி என்பது தெருவின் பேச்சாக மாறியிருப்பதை நீங்களே காண்பீர்கள்.

அடுத்ததாக, கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்ட அலுவலகத்திலும் அந்தப் பகுதியின் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு புல எண்ணிலும் உள்ள நிலத்தின் வகையும் உரிமையாளரும் எழுதப்பட்ட பதிவேடு) கேட்டுப் பாருங்கள். பழைய ஆவணத்தில் அங்கே பாதைப் புறம்போக்கு இருந்து, பின்னால் வயலோடு சேர்த்து உழப்பட்டிருந்தால், நீங்கள் கேட்க வேண்டியது ஆக்கிரமிப்பை அகற்றுமாறு. ஆவணத்தில் பாதையே இல்லையென்றால், ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு நிலம் கையகப்படுத்தும் 1978-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் பாதைக்கு நிலம் எடுத்துத் தருமாறு கேட்க வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு கோரிக்கைகள், வெவ்வேறு அலுவலர்களிடம் போக வேண்டியவை. ‘பாதை வசதி செய்து தர வேண்டும்’ என்று பொதுவாக எழுதிய மனு இரண்டு மேசைகளுக்கும் நடுவில் விழுந்துவிடும். யாராவது சாதியைச் சொல்லி வழிமறித்தால் அது மனுவோடு நிற்க வேண்டிய செய்தியன்று. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம், இடுகாடு சுடுகாட்டைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

கொடுத்த ஏழு மனுக்களும் வீணல்ல. ஒவ்வொன்றின் மீதும் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று, தெருவைச் சேர்ந்த ஏழு வெவ்வேறு பேர், அவர்களில் நான்கு பேராவது பெண்களாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஏழு விண்ணப்பங்கள் எழுதட்டும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். 30 நாட்களில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதன்பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் போகலாம். இத்தனையும் முடிந்த பிறகு எட்டாவது மனுவை எழுதுங்கள்; அதன் கீழே அறுபது வீட்டின் கையெழுத்தும் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் கிராமசபை என்றால் முன்பே எழுதிவைத்த தீர்மானங்களை வாசித்துவிட்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதுதான். படித்த இளைஞர்கள் சிலர் எழுந்து கேள்வி கேட்டோம். ‘நேற்றுப் பிறந்த பையன்கள்’ என்று உட்கார வைத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?
— வாசகர், ஆலங்குளம் வட்டாரம்

பதில்: தம்பி, எழுந்து கேட்டதற்கு முதலில் என் வாழ்த்து. ஆனால் கிராமசபை அன்று நடக்கும் கிராமசபை, அதற்கு முந்தைய பதினைந்து நாட்களில் தெருத்தெருவாக நடந்த பேச்சின் முடிவாக இருந்தால்தான் அதற்கு உயிர் இருக்கும். நீங்கள் நான்கைந்து பேர் எழுந்தபோது மற்றவர்கள் ஏன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று யோசியுங்கள். நீங்கள் கேட்டது சரியான கேள்விதான். அவர்களோடு சேர்ந்து உருவாக்கிய கேள்வியல்ல.

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராமசபையின் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றிருந்த நான்கு நாட்களோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம் உள்ளாட்சி நாளான நவம்பர் 1-உம் பின்னர் சேர்க்கப்பட்டன. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். இந்த எண்ணிக்கையை நிரப்பத்தான் ஊரக வேலைத் திட்டத்தின் வேலைத்தளத்திலிருந்து பெண்களை அழைத்துவந்து உட்கார வைக்கிறார்கள். அந்தப் பெண்களை நீங்கள் எதிர்த்தரப்பாகப் பார்த்துவிடக் கூடாது. கூட்டத்தில் பெரும்பான்மை அவர்கள்தாம். குடிநீர்க் குழாயடியில் நிற்பவர்களும் அவர்கள்தாம். அடுத்த கூட்டத்துக்கு முன் அவர்களுடைய வேலை ஓய்வு நேரத்தில் போய் உட்கார்ந்து, எதைக் கேட்கலாம் என்று அவர்களிடம் கேளுங்கள். மூன்று கோரிக்கைகளுக்கு மேல் வேண்டாம். அவற்றைத் தெளிவாக எழுதி, முன்கூட்டியே ஊராட்சியில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை பெறுங்கள். கூட்டத்தில் அவற்றை வாசிப்பவர் நீங்களாக இருக்க வேண்டாம். வயதில் மூத்த ஒரு பெண் வாசிக்கட்டும். ‘நேற்றுப் பிறந்தவர்’ என்று அவரைச் சொல்ல முடியாது. தீர்மானம் நோட்டில் ஏறும்வரை எழுந்து போகாமல் இருந்து, கடைசி வரிக்குக் கீழே இடம் விடாமல் கையெழுத்திடுங்கள். பிறகு அதன் நகலைக் கேளுங்கள்.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த பெ. கிருஷ்ணவேணி, அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தவர். பெண்களுக்குக் கழிப்பிடம் கட்ட முயன்றவர். 2011 ஜூன் மாதம் இரவில் வழிமறித்து வெட்டப்பட்டு, பல வெட்டுக் காயங்களோடு உயிர் பிழைத்தார். அந்த வழக்கில் ஆயுள் தண்டனைத் தீர்ப்பு 2024-ல்தான் வந்தது. இட ஒதுக்கீடு அவரை நாற்காலியில் அமர்த்தியது. அரசும் காவல்துறையும் அவருக்குத் தந்திருக்க வேண்டிய பாதுகாப்பை எதுவும் ஈடு செய்துவிடாது. ஆயினும் ஒரு கோரிக்கைக்கு ஒரே முகம் இருக்கும்போது அடி அந்த முகத்தின் மேலேயே விழுகிறது என்பதையும் அந்த நிகழ்ச்சியிலிருந்தே கற்றுக்கொண்டேன். இருநூறு பேர் கையெழுத்திட்ட தீர்மானம் ஒருவருடைய தலைக்கு மேல் தொங்குவதில்லை.

கேள்வி: நாங்கள் பீடி சுற்றுகிறவர்கள். கடையில் இலையை நிறை குறைத்துத் தருகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இலை போதாமல் வெளியில் காசு கொடுத்து வாங்கிச் சரிக்கட்டுகிறோம். கொண்டுபோனால் ஒரு பகுதியைக் கழிவு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதற்குக் கூலி இல்லை. கேட்டால் அடுத்த நாள் எங்களுக்கு இலை இல்லை என்கிறார்கள். எப்படிக் கேட்பது?
— வாசகி, முக்கூடல் பக்கம்

பதில்: அம்மா, முக்கூடலிலும் கடையத்திலும் பாவூர்சத்திரத்திலும் மேலப்பாளையத்திலும் திண்ணைதோறும் மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கலாம். தொழிற்சாலையில் ஒரே கூரையின் கீழ் நூறு பேர் வேலை செய்தால் இடைவேளையில் ஒருவர் கூலிச்சீட்டை ஒருவர் பார்த்துவிடுவார்கள். உங்கள் தொழிலிலோ ஒவ்வொரு வீடும் தனித் தொழிற்சாலை. ஒவ்வொருவரும் தனித்தனியே இலை வாங்கி, தனித்தனியே கணக்குக் கொடுத்துத் திரும்புகிறீர்கள். குறை எல்லோருக்கும் ஒன்றாக இருந்தும் அது ‘என் கைராசி’ என்று அவரவர் நினைத்துக்கொள்ளும்படி இந்தத் தொழில் அமைந்திருக்கிறது.

இலை கொடுப்பதில் வரும் தகராறும், பீடியைக் கழிப்பதும், கழித்ததற்குக் கூலி மறுப்பதும் பெண்களின் சில்லறைப் புகார்கள் அல்ல. 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோது இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றைச் சுருக்கமாக விசாரித்துத் தீர்க்க ஓர் அதிகாரி வேண்டும் என்று எழுதினார்கள். அதாவது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த அநியாயம் ஊரறிந்ததாக இருந்தது.

என் அனுபவத்தில் உதவிய ஒரு வழியைச் சொல்கிறேன். ஆற்றுக்கு வடக்கே ஒரு சிற்றூரில், இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்து ஒரு தராசு வாங்கினார்கள். கடையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் அவரவர் இலையை நிறுத்து, கடை அட்டையில் எழுதிய நிறை என்ன, தராசு காட்டிய நிறை என்ன, அன்று கழிவென்று ஒதுக்கியது எத்தனை கட்டு என்று ஒரு நீள நோட்டில் எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்களுடைய மகள்கள் எழுதினார்கள். ஒரு மாதம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பொறுமையாக இருக்க வேண்டிய அந்த ஒரு மாதந்தான் மிகக் கடினமாக இருந்தது; இரண்டாம் வாரத்திலேயே சண்டைக்குப் போகலாம் என்று சொன்னவர்களை மூத்த பெண்கள் அடக்கி வைத்தார்கள். மாதம் முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கடைக்குப் போய் நோட்டைத் திறந்து வைத்தார்கள். கடைக்காரரால் இருபது பேருக்கும் ஒரே நாளில் இலை இல்லை என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் அவருக்குப் பீடி இல்லை. நிறை சரியாயிற்று. கழிவுப் பிரச்சினை தீர இன்னும் நெடுநாள் ஆயிற்று, அது முழுவதும் தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பின்னர் தொழிலாளர் துறையிடம் போனபோதும் அந்த நோட்டே சாட்சியாயிற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்களில் சிலர் வேறொருவர் பெயரிலுள்ள அட்டையில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் உங்கள் உழைப்பின் வருங்கால வைப்பு நிதி இன்னொருவர் பெயரில் சேர்கிறது; இடுப்பு ஒடிந்து உட்காரும் வயதில் ஓய்வூதியம் உங்களைத் தேடி வராது. நோட்டில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

கேள்வி: சங்கம் தொடங்க விரும்புகிறோம். முதலில் பதிவு செய்துவிடலாமா?
— வாசகர், களக்காடு

பதில்: வேண்டாம். 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். ஆனால் பதிவு செய்ததும் தலைவர், செயலாளர், பொருளாளர் யார் என்ற பேச்சே முதல் ஆறு மாதங்களை விழுங்கிவிடும். ஓராண்டு தவறாமல் மாதம் ஒருமுறை கூடுங்கள். கூட்டத்தை நடத்துபவர் ஒவ்வொரு மாதமும் மாறட்டும். நீங்கள் ஊரில் இல்லாத மாதத்திலும் கூட்டம் நடந்தது என்று கேள்விப்பட்டால், அதன்பின் பதிவைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் எங்கள் சமூகத்துக்குப் பஞ்சமி நிலம் இருந்ததாகச் சொல்கிறார்கள். இப்போது அது வேறு சமூகத்தார் பட்டாவில் இருக்கிறது. கொடியேற்றி நிலத்தில் இறங்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் கருத்து என்ன?
— வாசகர், சங்கரன்கோவில் வட்டாரம்

பதில்: செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்கீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30 அன்று பிறப்பிக்கப்பட்ட 1010-ஆம் எண் அரசாணையின் வழியாக ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அளிக்கப்பட்ட நிலமே பஞ்சமி நிலம் எனப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு அதை யாருக்கும் விற்கவோ மாற்றவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. ஆகவே பிறர் பெயரில் பட்டா இருப்பதாலேயே உங்கள் உரிமை போய்விட்டதாக எண்ண வேண்டியதில்லை.

ஆனால் நம் பகுதியில் பலர் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. அந்த ஆணை அரசின் கையிலிருந்த தரிசு நிலத்தைப் பற்றியது. நெல்லைச் சீமையிலோ சிவகிரி, எட்டயபுரம், சிங்கம்பட்டி என்று ஜமீன்கள் பரவிக் கிடந்தன. உங்கள் ஊர் அன்று உழவர்கள் அரசுக்கு நேரடியாக வரி கட்டிய ரயத்துவாரி கிராமமா, ஜமீன் கிராமமா என்பதை முதலில் கண்டறியுங்கள். ஜமீன் கிராமமாக இருந்தால், தாத்தா சொன்ன நிலம் பிற்காலத்தில் அரசு ஒப்படை செய்ததாகவோ, 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தில் உபரியாக எடுக்கப்பட்டதாகவோ, வினோபா பாவேயின் இயக்கத்துக்குத் தானமாகக் கிடைத்த பூதான நிலமாகவோ இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நிபந்தனையும் கேட்க வேண்டிய இடமும் வேறு. பழைய நிலவரிப் பதிவேட்டையும் அ-பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து, எந்த ஆண்டில் நிபந்தனைக் குறிப்பு மறைந்தது என்று பாருங்கள். எண்பதுகளில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது பட்டாக்கள் மாறியதுண்டு.

இறங்குவதில் எனக்கு மறுப்பில்லை. நிலம் கேட்டு இறங்கியவர்களால்தான் பஞ்சமி நிலம் என்ற சொல்லே மறுபடியும் அரசின் காதில் விழுந்தது. 1994-ல் செங்கல்பட்டுப் பக்கம் காரணை கிராமத்து நிலத்துக்காக எழுந்த போராட்டத்தில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்த விலையை மறவாமல், ஆவணம் கையில் வந்தபின், ஊர் முழுவதும் வந்து இறங்குங்கள். நான்கு இளைஞர்கள் கொடியோடு போய், நான்கு பேர் மீதும் வழக்குப் பதிவாகி, பத்தாண்டு நீதிமன்றத்துக்கு நடப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

கேள்வி: நான் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். 1999-ல் ஆற்றங்கரையில் நடந்ததற்குப் பிறகு என் அப்பா எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை, என்னையும் போகவிடுவதில்லை. இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் இறங்கி வந்துவிட்டோம். வீட்டுமனை கேட்டு இங்குள்ளவர்கள் கூடுகிறார்கள். அப்பாவின் பயத்தை எப்படிப் போக்குவது?
— வாசகர், கல்லிடைக்குறிச்சி பக்கம்

பதில்: தம்பி, உங்கள் அப்பாவின் பயத்தை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன்; வேறு யாராவது சொன்னாலும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட அந்தக் காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கியது, உங்களைப் போன்ற குடும்பங்களின் மூன்று நான்கு தலைமுறை உழைப்பு. அவர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டு, 1999 ஜூலை 23 அன்று ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலமாக வந்தார்கள். காவல்துறை தடியடி நடத்தித் துரத்தியதில் தாமிரபரணியில் இறங்கியவர்களும் சேர்ந்து, பெண்களும் ஒரு சிறு குழந்தையும் உட்பட 17 பேர் இறந்தார்கள். கூடியதற்காகவே அடிபட்டதைக் கண்ணால் கண்ட ஒருவரிடம், கூடினால் பலம் என்று நாம் பாடம் எடுக்கக் கூடாது.

அவரைக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். நீங்கள் போவதாக இருந்தால் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போங்கள். யார் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஊர்வலத்தைவிட, மனைக்கான பட்டியலை வீடுவீடாக எழுதும் வேலை அவருக்கு அச்சமில்லாததாக இருக்கலாம். ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, குதிரைவெட்டி என்று எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசை), எந்தக் குடும்பம் எத்தனை ஆண்டு இருந்தது என்பது உங்கள் தலைமுறைக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். மனைப் பட்டியலை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதும்போது, ஒரு பெயரில் சந்தேகம் என்று அவரிடம் கேளுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 அன்று ஆற்றில் மலர் தூவ அமைப்புகள் வருகின்றன. கூட்டமும் கொடிகளும் வருவதற்கு முன், விடியற்காலையில் நீங்கள் இருவர் மட்டும் போய் வரலாமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். வந்தால், படித்துறையில் அவர் பேசாமலே நின்றாலும் பக்கத்தில் நில்லுங்கள். பேசினால், வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.